“பைய வா” என்றால் பேத்திக்கு என்ன புரிந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் குழந்தை நலப் பக்கத்தில் பேச்சுத் தாமதம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அறிகுறிகளைத் தெளிவாக எழுதியிருந்தீர்கள். ஆனால் சொன்னதைச் செய்யாத குழந்தைக்கெல்லாம் பேச்சு வளர்ச்சியில் கோளாறு என்று படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாதே என்ற கவலையில் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டிலேயே அப்படி ஒன்று நடந்தது.

என் பேத்திக்கு இரண்டே முக்கால் வயது. மகளோடு ஓசூரில் இருக்கிறாள். ஜூன் மாதம் ஒரு தனியார் நர்சரியில் சேர்த்தார்கள். மூன்றாவது வாரமே மகளைக் கூப்பிட்டு, “குழந்தைக்குச் சொல்வது புரிவதில்லை, பேச்சு வளர்ச்சி குறைவாக இருக்கலாம், இனி வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மகள் அன்று ராத்திரி போனில் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் காலை சூளகிரியில் பஸ் ஏறிவிட்டேன்.

சாயங்காலம் நர்சரி விடும் நேரத்துக்கு நானே போனேன். வாசலில் நாலைந்து படிகள். டீச்சர் சின்னப் பெண், நல்ல பெண். குழந்தை வேகமாக இறங்குவதைப் பார்த்து, “பைய வா, பைய வா” என்றாள். பேத்தி இரண்டாவது படியில் நின்றாள். திரும்பி மேலே ஏறி, சுவரோரம் வரிசையாக இருந்த பைகளில் தன் பையைத் தேடி எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். “பாருங்கம்மா, நான் ஒண்ணு சொன்னா இவ ஒண்ணு செய்றா” என்றாள் டீச்சர். “நீங்க எந்த ஊரும்மா?” என்று கேட்டேன். தென்காசிப் பக்கமாம், கல்யாணம் ஆகி ஓசூர் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறதாம்.

எங்கள் பக்கம் “பைய எடு” என்றால் பையை எடு. அவள் ஊரில் “பைய” என்றால் மெதுவாக. குழந்தை அந்தச் சொல்லைச் சரியாகக் காதில் வாங்கி, தனக்குத் தெரிந்த பொருளில் செய்தும் காட்டிவிட்டது. இதைத்தான் புரியாத குழந்தை என்று எழுதி வைத்திருந்தார்கள்.

இது ஒரு சொல்லோடு நிற்கிற விஷயமும் இல்லை. பர்கூர்ப் பக்கத்துக்காரரான என் மாமியார் வாழைப்பழத்தை “வாயப்பயம்” என்பார். அந்த டீச்சருக்கு அது “வாளப்பளம்”. பெரியவர்கள் நமக்கு மூன்றும் ஒரே பழம்தான். பேச ஆரம்பித்திருக்கிற பிள்ளைக்கு அது ஒரே பழம் என்று யார் சொல்லிக் கொடுத்தது?

என் தங்கை மகள் மைசூருவில் பேச்சு, செவித்திறன் சம்பந்தமான படிப்பு படிக்கிறாள். அவளை உட்கார வைத்து விவரமாகக் கேட்டேன். “பெரியம்மா, இது எவ்வளவோ வருஷமா ஆராய்ச்சி பண்ணின விஷயம்” என்று ஆரம்பித்தாள். கனடாவில் ஜேனட் வெர்க்கர் என்ற அம்மையாரும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் ‘த’, ‘ட’ ஒலிகளைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டையும் பிரித்துக் கேட்டன. பத்துப் பன்னிரண்டு மாதம் ஆனபோது பெரும்பாலான குழந்தைகளால் முடியவில்லை. வீட்டில் காதில் விழாத ஒலி வித்தியாசத்தைக் காது கைவிட்டுவிடுகிறது. நம் வீடுகளில் பத்தும் பட்டும் தினமும் காதில் விழுவதால் நம் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் போவதில்லை. ஆக, ஒரு வயதுக்குள்ளேயே காது வீட்டுப் பேச்சுக்கு ஏற்றபடி பழகிவிடுகிறது. அதனால்தான் வேறு ஊர்ப் பேச்சு முதலில் தடுக்கிறது.

தடுக்கிறதே தவிர, நிரந்தரமாக அடைத்துக்கொள்வதில்லை. அமெரிக்கக் குழந்தைகளுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களையே ஜமைக்கா உச்சரிப்பில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பதினைந்து மாதத்தில் அடையாளம் தெரியவில்லை, பத்தொன்பது மாதத்தில் தெரிந்துவிட்டது. 2011-இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்றரை வயதைத் தாண்டிய குழந்தைகளிடம் நாயைக் குறிக்கும் ‘டாக்’ என்ற சொல்லை ‘டேக்’ என்பதுபோல மாற்றி, படத்தையும் கூடவே காட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் அப்படிக் கேட்டதுமே, இந்த ஆள் இந்த எழுத்தை இப்படித்தான் சொல்வார் என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டு, அதே மாதிரி மாறிய மற்றச் சொற்களையும் புரிந்துகொண்டன. ‘கோளி’ என்றால் கோழி என்று பிடிபட்டுவிட்டால், ‘மளை’ என்றால் மழை என்பதும் தானாகப் பிடிபடுகிற மாதிரி. பொருளைக் கையில் காட்டிச் சொன்னதுதான் அங்கே உதவி செய்தது. அதைத்தான் நான் டீச்சர்களிடம் கேட்கிறேன்.

டிவி, செல்போன் வைத்துப் பழக்கலாமே என்று மாப்பிள்ளை கேட்டார். அதற்கும் தங்கை மகள் பதில் வைத்திருந்தாள். பெட்ரீஷியா குல் என்பவரின் குழு 2003-இல் வெளியிட்டது: ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து, தடவைக்கு 25 நிமிடம் என 12 தடவை விளையாடிப் பேசியதில், குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களை வீடியோவில் பார்த்த குழந்தைகள் கற்றுக்கொள்ளவில்லை.

நான் 26 வருஷம் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரே தெருவில் தெலுங்கு வீடு, கன்னட வீடு, தமிழ் வீடு எல்லாம் இருக்கும். தெலுங்கு வீட்டுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்து இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. சத்துமாவு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆயாகூட, “இவன் ஊமையாக்கா?” என்று கேட்டாள். ஒருநாள் நான் உள்ளே பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே, “கை கழுவு! வரிசையில நில்லு! தள்ளாத!” என்று குரல். எட்டிப் பார்த்தால் இவன்தான், மற்றப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருக்கிறான். நான் ‘நில்லு’வில் குரலை ஏற்றுவேன், அந்த ஏற்றம் அப்படியே இருந்தது. அந்த இரண்டு மாதமும் அவன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

இதைப் படித்துவிட்டு யாரும் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. வீட்டு ஆட்களின் பேச்சுக்கே குழந்தை திரும்பவில்லை, ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்கவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் தயவுசெய்து காதைச் சோதிக்கக் கூட்டிப் போங்கள். அடிக்கடி சளி பிடிக்கிற குழந்தைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டு, கொஞ்ச நாள் மந்தமாகவே கேட்கும். அங்கன்வாடிக்கு ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசுக் குழந்தை நலப் பரிசோதனைத் திட்டத்தின் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை வந்து பார்க்கிறது. அன்றைக்குக் குழந்தையை அனுப்பாமல் வைத்துக்கொள்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அது தப்பு. என் பேத்திக்கும் காதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேசினேன். காது நன்றாக இருந்தது.

வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. சரளமாக வராத மொழியில் என் மகள் எத்தனை வாக்கியம் பேசிவிடுவாள்? குளிக்க வைக்கும்போதும் சோறு ஊட்டும்போதும் பேசுகிற பேச்செல்லாம் நின்றுபோகும். கதை சொல்ல நான் போனால் எனக்கும் வாய்ப்பூட்டு.

அந்த நர்சரி மெயின் ரோட்டை ஒட்டிய கட்டடம். லாரி சத்தத்தில் எனக்கே டீச்சர் சொல்வது பாதிதான் கேட்டது. பெரியவர்கள் விட்டுப்போனதை ஊகித்துச் சேர்த்துக்கொள்வோம், சின்னப் பிள்ளைகளுக்கு அது இன்னும் கைவரவில்லை. பழகாத பேச்சும் சத்தமும் சேர்ந்தால் அதுகள் என்ன செய்யும்?

டீச்சரிடம் ‘பைய’ விவகாரத்தைச் சொன்னேன். பாவம், முகம் வாடிவிட்டது. தன் ஊர்ப் பேச்சை அவள் விட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இப்போது அவள் குனிந்து, முகம் பார்த்து, “பைய, மெதுவா” என்று கையையும் காட்டிச் சொல்கிறாளாம். பேத்தி படியில் பையைத் தேடுவதில்லை.

நர்சரி, அங்கன்வாடி நடத்துகிறவர்களுக்கு உங்கள் பத்திரிகை மூலமாக ஒரு வேண்டுகோள். சேர்க்கைப் படிவத்தில் சாதி, ரத்த வகை எல்லாம் கேட்கிறீர்கள். ‘வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள், பெற்றோருக்குச் சொந்த ஊர் எது’ என்று இரண்டு வரி சேர்த்துக் கேளுங்கள். முதல் இரண்டு மாதம் குழந்தையின் பேச்சைப் பற்றி எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள். சந்தேகம் இருந்தால், அந்தக் குழந்தை தன் அம்மாவோடு பேசுவதைப் பத்து நிமிஷம் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
சூளகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்.