டேப்பட் கவரில் பேஸ்ட் அப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போகும் முன் பழைய லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், இன்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறார்கள், ஆனால் இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரில் ஆயில் கசிந்தால் மட்டும் மேலேயே கசிவை அடைக்கும் பேஸ்ட்டை அப்பி, போல்ட்டை இன்னும் இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஆயில், புகை வெளியேறும் சூடான குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டினால் புகையோடு நிற்காது, தீயே பிடிக்கலாம்.

தகடு கவரை அளவுக்கு மீறி இறுக்கினால் போல்ட் ஓட்டையைச் சுற்றிக் குழி விழும், விளிம்பு வளையும், அப்புறம் கவருக்கு அடியில் புது கார்க் பேக்கிங் போட்டாலும் கசிவு நிற்காது. கழற்றி டீசலில் ஊறவைத்து, பழைய பேக்கிங்கை முழுக்கச் சுரண்டி, கண்ணாடிப் பலகையில் கவிழ்த்துப் பாருங்கள். எங்கே இடைவெளி தெரிகிறதோ அங்கே மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினால் போதும். கவர் உட்காரும் ஹெட் பக்கம் சுரண்டும்போது, வால்வை இயக்கும் புஷ் ராடு போகும் ஓட்டைகளைத் துணியால் அடைப்பது கட்டாயம், துகள் உள்ளே விழுந்தால் நேராக அடியில் ஆயில் தேங்கும் சம்பில்தான் போய்ச் சேரும்.

இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதரையும் பாருங்கள், அது அடைத்திருந்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறி ஆயிலை எப்படியும் வெளியே தள்ளும். இதை யாருமே பார்ப்பதில்லை! கவரின் உட்புறம் பால் நிறத்தில் நுரை கட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறதா என்று உடனே சோதிக்க வேண்டும். கெட்டியான கறுப்புக் கசடு என்றால் ஆயில் மாற்றத் தாமதம்.

மாட்டும்போது நடுவிலிருந்து இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் சரி. உரிமையாளர்களே, மெக்கானிக்குக்கு இதற்கான நேரத்தையும் கூலியையும் கொடுங்கள்.

இப்படிக்கு,
லாரி மெக்கானிக், நாமக்கல்