கர்னல் மகளுக்கு

அன்புள்ள கலாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பெரியத்தை வீட்டு விசேஷத்தில் எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். டெல்லியில் வேலை ஜாஸ்தி என்று சமாளித்தேன். என்ன வேலை என்று எனக்கே தெரியாது, கேட்கவும் மாட்டேன். சர்வீஸ் முழுக்கத் தந்தி ஆபீசில் இருந்தவன் நான். கைக்கு வந்த சேதியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் உன் சேதியையாவது நீ சொல்லலாம்.

நேரத்துக்குத் தூங்கு. 2019-இல் கூடங்குளத்து நிர்வாகக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்ததாகப் பேப்பரில் பார்த்துப் பதறி உனக்கு போன் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "உலையை ஓட்டுற சிஸ்டம் தனிப்பா" என்று பொறுமையாகச் சொன்னாய். அப்புறம் ஈரானில் நடான்ஸ் யுரேனிய ஆலையைக் கெடுத்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸைப் பற்றியும் சொன்னாய். 2010-இல்தான் அது வெளியே தெரிந்ததாம். பென் டிரைவ் வழியாகக்கூடப் பரவுமாம். உள்ளே இயந்திரம் தாறுமாறாகச் சுழன்று கெட்டுக்கொண்டிருக்கும், திரையில் மட்டும் எல்லாம் சரி என்றே காட்டுமாம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "நல்லா இருக்கேன்பா" என்று சொல்லி வைக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

தம்பி ஏதோ வாய்தவறிச் சொன்னான். உன்னைக் கூப்பிடுவது பெங்களூரில் பெரிய கம்பெனியாம், சம்பளம் பல மடங்காம். நான் அவனை மேலே கேட்கவில்லை.

ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு அதிகபட்சம் 14 வருஷ சர்வீஸ்தான் என்றிருந்த காலத்தில் சேர்ந்தவள் நீ. பரங்கிமலை ராணுவப் பயிற்சி அகாடமியில் உன் தோளில் நட்சத்திரம் குத்தும்போது அம்மாவின் கை நடுங்கியது. அம்பேத்கர் பிறந்த மாவ் ஊரில் சிக்னல்ஸ் என்கிற ராணுவத் தகவல்தொடர்புப் படிப்பு, அப்புறம் எல்லை, அப்புறம் இந்தக் கம்ப்யூட்டர் யுத்தம். 2020 பிப்ரவரி 17 அன்று சுப்ரீம் கோர்ட் பெண்களுக்கும் பெர்மனென்ட் கமிஷனை, அதாவது ஓய்வு வயதுவரை பணியில் இருக்கும் உரிமையை, உறுதி செய்தபோது நீ போனில் அழுதாய். 2023-இல் பதவி உயர்வு போர்டில் தேறிக் கர்னல் ஆனாய். தெருவில் எனக்கே மரியாதை கூடிவிட்டது. அந்த மரியாதைக்காக நீ அங்கே உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அவசரப்படாதே. பென்ஷன் கணக்கை நன்றாகப் பார். மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பேசு. அவசரப்படாதே. ராஜினாமாப் பேப்பர் போடுவதென்றால் போடு, ஆனால் அடுத்தவர் வாயால் அது என் காதுக்கு வரக் கூடாது.

தூங்கு. கண்ணுக்குச் சொட்டு மருந்து போடு. பத்து நாளாவது லீவு கிடைக்குமா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா