அப்பாவுக்காக வயலில் இறங்கிய எல்லோருக்கும்

எல்லோரையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தோம். ஆனால் யார் யார் என்னென்ன செய்தீர்கள் என்பதே எங்களுக்கு இன்னும் முழுதாகத் தெரியவில்லை, ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்று காதில் விழுகிறது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். யாராவது விட்டுப்போயிருந்தால் கோபிக்காதீர்கள்.

அப்பா இறந்தபோது நெல் அறுப்புக்குத் தயாராக நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்பே மடையைத் திறந்து வயல் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார், அறுக்கும்போது மெஷின் சேற்றில் சிக்கக் கூடாது என்று. தாமதித்தால் மணி உதிரும், மழை பிடித்துக்கொண்டால் கதிர் சாய்ந்து அங்கேயே முளைத்துவிடும். இதெல்லாம் எங்களுக்கும் தெரியும், ஆனால் அந்த வாரத்தில் வயலைப் பற்றி யோசிக்கும் நிலையில் வீட்டில் ஒருவரும் இல்லை. பக்கத்து வயல் அண்ணன் யோசித்தார். தன் பயிரும் அறுப்புக்கு நின்றபோது முதலில் எங்கள் வயலுக்கு மெஷினை அனுப்பினார். "உங்க அப்பா எனக்கு இப்படித்தான் செஞ்சாரு" என்றார், அவ்வளவுதான், எப்போது, எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

களத்தில் நெல்லைக் கொட்டிக் காயவைத்து, வானம் கறுத்தபோதெல்லாம் ஓடிவந்து தார்ப்பாய் போட்டு மூடியவர்கள் அப்பாவோடு வருஷக்கணக்கில் நாற்று நட்டு, களை எடுத்த பெண்கள். ஈரப்பதம் 14 சதவீதத்துக்குக் கீழே வராமல் மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும் என்று மீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் சொல்வார்கள், இந்த அக்காக்கள் ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு "இன்னும் ஒரு வெயில் காயட்டும்" என்றார்கள். அவர்கள் சொன்னதைத்தான் கேட்டோம். கூலி கொடுக்கப் போனபோது இரண்டு பேர் வாங்கவே மாட்டேன் என்றார்கள். அக்கா, அது உங்கள் உழைப்பு, அப்பா இருந்திருந்தால் கையில் திணித்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்த்திருப்பார். அந்தப் பணம் இங்கே தனியாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மாடுகளைச் சொல்ல வேண்டும். வேளை தவறினால் மடி கட்டிக்கொள்ளும், மடிநோய் வரும், துக்க வீடு என்றெல்லாம் அதற்குத் தெரியாது. காலையும் மாலையும் வந்து கறந்துவிட்டுப் போன தம்பிக்கும், சினை மாடு ராத்திரியில் கன்று போடத் திணறியபோது கிளம்பி வந்த கால்நடை மருத்துவருக்கும் நன்றி. சினை ஊசி போட்ட தேதியை அப்பா நோட்டில் குறித்து, அதிலிருந்து 280 நாள் எண்ணி வட்டம் போட்டு வைத்திருந்தார். கன்று அந்த வட்டத்துக்குப் பக்கத்திலேயே பிறந்தது, தாயும் நன்றாக இருக்கிறது.

அந்த நோட்டு ஒரு தனிக் கதை. மழை, விதைத்த நாள், எந்தப் பாத்தியில் என்ன பூச்சி, யார் வீட்டுக்கு எவ்வளவு விதை, எல்லாம் இருக்கிறது, கடன் வாங்கியவர்களின் பெயர் மட்டும் இல்லை! விதைப்புக்கு முன் 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைத்தது என்று எழுதியிருக்கிறார். 80க்குக் கீழே இருந்தால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அடுத்தவர் கேட்டு வந்தாலும் அந்த விதையைக் கொடுத்ததில்லை.

துக்கம் கேட்க வந்த இளைஞர் ஒருவர் சொன்னதையும் இங்கே எழுதிவைக்க ஆசை. அவர் சின்னப் பையனாக இருந்தபோது, அப்பா பயறுச் செடி ஒன்றைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினாராம். உள்ளே சிவப்பாக இருந்தால் அதிலிருக்கும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது என்று அர்த்தம், பயறு போட்ட மண்ணுக்கு அடுத்த பயிரில் யூரியாவைக் குறைக்கலாம் என்றாராம். இப்போது அவர் வேளாண்மை படிக்கிறார். எங்களிடம் அப்பா இதைச் சொன்னதே இல்லை. ஒருவேளை சொல்லி, நாங்கள்தான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோமோ என்னவோ.

ஆஸ்பத்திரியில் அவரிடம் பொறுமையாகப் பேசிய செவிலியர்களுக்கும், வெளியூரிலிருந்து தொடர்ந்து விசாரித்தவர்களுக்கும் நன்றி.

அப்புறம், ஒரு வேண்டுகோள். அடுத்த பட்டத்துச் சாகுபடியை என் தம்பியும் நானும் சேர்ந்து செய்யலாம் என்றிருக்கிறோம், எப்படிப் போகும் என்று தெரியவில்லை. வீட்டில் விதைநெல் எடுத்து வைக்கவில்லை, அறுத்த அவசரத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. அப்பாவிடம் விதை வாங்கி இன்னும் அதையே போட்டுக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் கொடுத்தால் நன்றாக இருக்கும். அவர் உங்களிடம் இரவல் வாங்கிய மருந்து தெளிப்பான், ஏணி, சாக்கு எதுவானாலும் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் ஒன்று யாருடையது என்று தெரியவில்லை, அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
அவருடைய மகள்