ஹைமாவில் ஓர் இரவு தங்கிப் போ

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். நேற்று போனில் நீ சொன்ன திட்டத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் ஓமானில் நீங்கள் இருக்கும் மஸ்கட்டில் கிளம்பி, இரவோடு இரவாக ஓட்டி, விடிந்ததும் சலாலா. வெயில் தெரியாது, ஒரு நாள் லீவு மிச்சம், பேரனும் தூங்கிக்கொண்டே வந்துவிடுவான் என்றாய். போனில் மறுத்துப் பேசினால் வாக்குவாதமாகிவிடும் என்றுதான் அப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அந்தச் சாலையில் ட்ரெய்லர் ஓட்டித்தான் உன்னைப் படிக்க வைத்தேன். அதனால் இந்த விஷயத்தில் மட்டும் நான் சொல்வதை நீ கேட்க வேண்டும்.

போகாதே என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் போங்கள். கரீஃப் என்ற சாரல் காலத்துச் சலாலாவைப் பேரன் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் இரவில் போக வேண்டாம், ஒரே மூச்சிலும் போக வேண்டாம். ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். பாதி வழியில் ஹைமா இருக்கிறது. அங்கே ஓர் இரவு தங்கிவிட்டுப் போ. இந்தக் கடிதம் முழுக்க இதைத்தான் சொல்லப் போகிறேன்.

மாப்பிள்ளை நன்றாக ஓட்டுவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நகரத்தில் நன்றாக ஓட்டுகிறவர்களுக்குத்தான் அந்தச் சாலை புதிதாக இருக்கும். நிஸ்வா வரை மலை கூடவே வரும். ஆதமில் பேரீச்சந்தோப்புகள் தெரியும். ஆதம் தாண்டினால் பச்சை என்பது முடிந்தது. அங்கிருந்து ஹைமாவுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். பாலைவனம் என்றதும் மணல் மேடுகளை நினைத்துக்கொள்ளாதே. இது சரளைக்கல் பரப்பிய தட்டை நிலம், ஜித்தத் அல் ஹராசிஸ் என்று பெயர். வளைவு இல்லை, ஏற்றம் இல்லை, கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு மரம் கிடையாது. இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் நின்ற இடத்திலேயே நிற்பது போலத்தான் இருக்கும். பகலிலேயே அப்படி. இரவில் விளக்கு விழுகிற அந்தக் கொஞ்ச தூரம் மட்டும்தான் உலகம். விடியற்காலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் கண் திறந்தே இருக்கும், ஆனால் பார்வை இருக்காது. அந்த நேரத்தில் டீயும் பாட்டும் கண்ணாடியை இறக்கி வாங்கும் காற்றும் கொஞ்ச நேரத்துக்குத்தான் உதவும். பகல் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு வந்தவருக்கு அதுவும் உதவாது.

அடுத்தது ஒட்டகம். பகலில் நீங்கள் பார்க்கும் ஒட்டகங்களுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் உண்டு, ஆனால் மேய்வது தன் போக்கில். இரவில் அதன் நிறமும் மண்ணின் நிறமும் ஒன்று. லோ பீம் போட்டால் வெளிச்சம் அதன் காலில்தான் படும். நான்கு மெல்லிய கால்கள் தெரியும், உடம்பு இருட்டுக்குள் இருக்கும். அந்தக் கால்களைப் பார்த்துப் பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி அதனடியில் போய்விடும். காரின் முன்பகுதி காலைத் தட்டிவிட, அத்தனை கனமான உடம்பும் முன் கண்ணாடியின் மேல் விழும். ட்ரெய்லரில் நாங்கள் உயரத்தில் உட்கார்ந்திருப்போம், தப்பித்துக்கொள்வோம். காரில் இருப்பவர்களுக்கு அது முகத்துக்கு நேரே வரும். அந்தச் சாலையோரத்தில் நான் பார்த்த நசுங்கிய கார்களில் பலவும் இப்படித்தான் போயின.

நான் ஓட்டிய காலத்தில் அது ஒற்றைச் சாலை. இப்போது பெரும்பகுதி இரட்டைச் சாலையாகிவிட்டது என்று அங்கே இருக்கும் கூட்டாளிகள் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மாப்பிள்ளையிடம் ஒன்று சொல். இரட்டைச் சாலையில் 120இல் பழகிய கால், வேலை நடக்கும் இடத்தில் ஒற்றைச் சாலைக்குத் திரும்பும்போதும் அதே 120இல் நிற்கும். எதிரே ட்ரெய்லர் வரும். பலகையைப் பார்த்ததும் வேகத்தை இறக்கிவிட வேண்டும். முந்தும் ஆசையை அங்கே அடக்கிக்கொள்ளச் சொல்.

சரி, எப்படிப் போவது? வியாழக்கிழமை இரவு வீட்டில் நன்றாகத் தூங்குங்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். மஸ்கட்டிலிருந்து நிஸ்வா வரை விளக்குள்ள நல்ல சாலை. ஆதமில் வெளிச்சம் வந்திருக்கும். டேங்க் அரைக்கு மேல் இருந்தாலும் அங்கே நிரப்பிவிடு. அதற்குப் பிறகு பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் ஊற்றிக்கொள்ள வேண்டும், அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது. வெயில் உச்சிக்கு ஏறும் முன் ஹைமா சேர்ந்துவிடலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 12.30 முதல் 3.30 வரை வெளியில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்களும் அறையில் ஏசி போட்டுப் படுத்திருங்கள். ஹைமாவில் பார்க்க ஒன்றும் இல்லை என்பாய். இல்லைதான். பெட்ரோல் பங்குகள், கடைகள், பரோட்டா கிடைக்கும் மலையாளி ஹோட்டல், ஒரு ஆஸ்பத்திரி. தங்குவதற்கு இது போதும்.

பேரன் சும்மா இருக்க மாட்டான். அவனுக்கு ஓரிக்ஸ் கதையைச் சொல். வெள்ளை உடம்பு, ஈட்டி மாதிரி நீண்ட கொம்புகள் உள்ள மான். காட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் கூட்டத்தை 1972இல் அந்தச் சமவெளியில்தான் வேட்டைக்காரர்கள் சுட்டு முடித்தார்கள். அதற்கு முன்பே சிலவற்றைப் பிடித்து அமெரிக்காவில் வளர்த்து வந்ததால் இனம் பிழைத்தது. அந்த வம்சத்தில் வந்தவற்றைக் கொண்டுவந்து 1982இல் அங்கேயே திறந்துவிட்டார்கள். காவலுக்கு அந்த மண்ணின் ஹராசிஸ் பழங்குடி ஆட்களையே வைத்தார்கள். 450 வரை பெருகியது. அப்புறம் திருட்டு வேட்டை வந்தது. 65 ஆகக் குறைந்தபோது, அந்த மானுக்கென்று ஒதுக்கிய காப்பிடத்தின் பரப்பையும் பத்தில் ஒரு பங்காக்கிவிட்டார்கள் என்று சொல்லி, 2007இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அதற்கு முன் எந்த இடத்தையும் அப்படி எடுத்ததில்லை. கதை சொல்வதோடு நிறுத்திக்கொள். மானைத் தேடிக் காரைத் தார்ச்சாலையிலிருந்து இறக்க வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஓர் ஆகஸ்ட் மதியம் ஹைமாவுக்குத் தெற்கே ஒரு கார் பானட்டைத் திறந்து நின்றுகொண்டிருந்தது. நான் லாரியை ஓரங்கட்டி இறங்கினேன். காரின் நிழல் ஒரு சாண்தான் இருந்தது. அந்த ஒரு சாணில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளை ஒட்ட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. வரும் வழியில் பங்க் பார்த்த ஞாபகம் என்று கணவர் நடந்து போய்விட்டாராம். என் கேனைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஹராசிஸ் பெரியவர் பிக்கப்பில் வந்து நின்றார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துண்டை நனைத்துப் பிள்ளைகளின் தலையில் போட்டார். பிறகு மண்ணில் காலடித்தடத்தைப் பார்த்தார், வண்டியைத் திருப்பினார். குறுக்கு வழி என்று நினைத்து அந்த மனிதர் சாலையை விட்டே விலகி நடந்திருக்கிறார். பெரியவர் அவரைக் கூட்டிவந்தபோது சட்டை உடம்பில் இல்லை, பேச்சு குழறியது, மனைவியின் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

அதனால் வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு யாரும் ஓர் அடி நகரக் கூடாது. தேடுகிறவர்களுக்கு வண்டி தெரியும், ஆள் தெரிய மாட்டான். போலீஸுக்கு 9999. சில இடங்களில் சிக்னல் இருக்காது. கடைசியாகப் பார்த்த கிலோமீட்டர் பலகையை நீ மனதில் வைத்துக்கொண்டே வா. தண்ணீர் 20 லிட்டர் தனிக் கேனில், குடிக்கிற பாட்டில்கள் தவிர. கேனை டிக்கியில் சாமான்களுக்கு அடியில் புதைக்காதே. பேரனுக்கு ஓஆர்எஸ் பாக்கெட்டுகள் எடுத்துக்கொள். கட்டுச்சோறு என்றால் புளியோதரை. தயிர்சாதம் அந்தச் சூட்டுக்குத் தாங்காது.

கிளம்பும் முன் டயரைப் பார்க்கச் சொல். மேலே பள்ளம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. மஸ்கட் வெயிலில் நின்று நின்று வயதான டயர், பார்வைக்குப் புதிதாகவே இருக்கும், தார் கொதிக்கும்போது 120இல் வெடிக்கும். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் காசு பார்க்காமல் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். காற்றை விடியற்காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். நடுவழியில் சூட்டில் அழுத்தம் கூடிவிட்டது என்று காற்றை இறக்கிவிடக் கூடாது. காற்றுக் குறைந்த டயர்தான் இன்னும் சூடாகும். கூலண்ட், ஏசி பெல்ட் இரண்டையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

சனிக்கிழமை விடியும் நேரம் ஹைமாவில் கிளம்பினால் கித்பித் வழியாகக் காலைப் பொழுதிலேயே தும்ரைத். தும்ரைத் தாண்டியதும் வாதி தவ்கா என்ற பள்ளத்தாக்கில் இறங்கிப் பாருங்கள். அந்தக் கல்லுக்குள் லுபான் மரங்கள் நிற்கின்றன. நம் ஊரில் குந்திரிக்கம் என்று புகை போடுவோமே, அதன் மரம். பட்டையைச் சீவினால் பால் கசிந்து கட்டியாகும்.

அப்புறம் மலை. இதைத்தான் நீ பகலில், கண் விழித்துப் பார்க்க வேண்டும். வடக்குச் சரிவு முழுக்கக் கட்டாந்தரை. உச்சியைத் தாண்டும்போது வெயில் சட்டென்று அணைந்து மூட்டம் வந்து மோதும். கொஞ்ச தூரத்துக்குள் புல், மரம், சாரல். மேலே நாற்பதுக்கு மேல் கொதித்தது கீழே இருபத்தைந்து ஆகிவிடும். நம் குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவருவதும் இதே தென்மேற்குக் காற்றுதான். சலாலாவில் அது கரையை ஒட்டி வீசி மேல்தண்ணீரைத் தள்ளிவிட, ஆழத்துக் குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. அதன்மேல் படிந்த ஈரக்காற்று மூட்டமாகி மலையில் முட்டி நிற்கிறது. மேலே பாலைவனத்தின் சூடான காற்று மூடியிருப்பதால் மேகம் உயர முடியாமல் தூறலாகவே விழுகிறது. ஜூன் 21 முதல் செப்டம்பர் 20 வாக்கில் வரை இந்தக் காலம். அந்த இறக்கத்தில் மாப்பிள்ளை ஹை பீம் போடவே கூடாது. கியரைக் குறைத்து, லோ பீமில், மெதுவாக. மூட்டம் அடர்ந்தால் சாலையை விட்டு முழுவதும் வெளியே ஒதுங்கி நிற்க வேண்டும்.

சலாலாவில் வாதி தர்பாத், இளநீர்க் கடைகள் எல்லாம் நீயே பார்த்துக்கொள்வாய். இரண்டு விஷயம் மட்டும். கோர் ரோரியில் சும்ஹுரம் என்ற பழைய துறைமுகக் கோட்டை இருக்கிறது. பேரனை அங்கே கட்டாயம் கூட்டிப் போ. அங்கே தோண்டும்போது கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்து இருந்தது. “ணந்தை கீரன்” என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நம் ஆள் ஒருவர் அத்தனை காலம் முன்பே லுபான் ஏற்றும் துறையில் நின்றிருக்கிறார் என்று அவனுக்குச் சொல். இன்னொன்று முக்சைல் கடற்கரை. கரீஃப் கடல் நாம் பார்த்த கடல் இல்லை. 2022 ஜூலையில் அங்கே தடுப்பு வேலியைத் தாண்டிப் போனவர்களை அலை இழுத்துக்கொண்டது, அதில் பிள்ளைகளும் இருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். பேரன் கையை விடாதே.

லீவு இருந்தால் திரும்பும்போது கடலோரமாக வாருங்கள். மிர்பாத், ஹாசிக், ஷுவைமியா, துக்ம் என்று வந்து சினாவ் வழியாக மஸ்கட். ஹாசிக்குக்கும் ஷுவைமியாவுக்கும் நடுவில் மலையை வெட்டிச் சாலை போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல். ஊர்கள் குறைவு, பங்குகள் தள்ளித்தள்ளி. அதனால் அதிலும் துக்மில் ஓர் இரவு.

லீவு எழுதிக் கொடுக்கும்போது ஒரு நாள் சேர்த்துக் கேள். ஹைமாவில் விடுதிகள் ஒன்றிரண்டுதான், கரீஃப் சமயத்தில் நிரம்பிவிடும். இந்த வாரமே பேசி அறையை உறுதி செய்துவிட்டு எனக்குச் சொல். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துக் காட்டு. கிளம்பிய பிறகு ஆதமில் பெட்ரோல் போடும்போது ஒரு போன், ஹைமா சேர்ந்ததும் ஒரு போன், மறுநாள் தும்ரைத்தில் ஒரு போன். நடுவில் நானும் கூப்பிட மாட்டேன், அம்மாவையும் கூப்பிட விடமாட்டேன்.

அன்புடன்,
அப்பா
தென்காசி