படம் தொங்கப்போகிற சுவர்

சுங்கை சிப்புட், பேராக்
ஆவணி 4

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம். அம்மா, அப்பா, அக்கா, அக்கா பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஐந்து பேரையும் ஆயில் பெயிண்டில் வரைந்து இந்த வீட்டுக்கு அனுப்பப்போவதாக எழுதியிருந்தாய். எந்த கேன்வாஸ் நல்லது என்றும் கேட்டிருந்தாய். முதலில் அது தொங்கப்போகிற சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிறது இந்த ஊர். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். ஒரு காலத்தில் எங்கும் ரப்பர்த் தோட்டம், இப்போது பெரும்பாலும் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். நம் ஊர்போலக் காய்ந்து கிடக்கிற கோடை இங்கே கிடையாது. காற்றில் ஈரப்பதம் வருஷம் முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும், ராத்திரியில் இன்னும் ஏறும். உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும், நாலு மணிக்கு மழை கொட்டும். தோல் செருப்பைப் பத்து நாள் தொடாமல் வைத்தால் பச்சையாகப் பூசணம் பூத்திருக்கும். பழைய தோட்டத்து வீடுகளில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் மாலை போட்டு வைத்திருக்கிற படங்களைப் பார், கண்ணாடிக்குள்ளேயே புள்ளி புள்ளியாய்க் கறை ஏறியிருக்கும்.

அதனால் கேன்வாஸ் வேண்டாம். பருத்தித் துணி ஈரத்தில் தொய்யும், காய்ந்தால் இழுக்கும். மேலே உள்ள ஆயில் பெயிண்ட் வருஷம் ஆக ஆக இறுகிப்போகும், துணியோடு சேர்ந்து ஆட அதற்கு முடியாது. அங்கேதான் வெடிப்பு. முயல்தோல் பசை தடவிய லினன் இன்னும் மோசம், அந்தப் பசையே ஈரத்தை உறிஞ்சும், பூசணத்துக்குச் சாப்பாடாகவும் ஆகும். (இங்கே கடையில் போய் கேன்வாஸைக் கித்தான் என்று கேட்டுவிடாதே. கித்தா என்றால் இங்கே ரப்பர்.)

பலகையிலும் எல்லாம் சரிவராது. பிளைவுட்டின் மேல் தாள் நாளாவட்டத்தில் மயிரிழை போலக் கீறும், அந்தக் கீறல் பெயிண்டில் தெரியும். மரநாரை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகை ஓரத்தில் தண்ணீர் குடித்து உப்பும். ஹார்ட்போர்டு பரவாயில்லை, ஆனால் பின்பக்கமும் நாலு ஓரமும் சேர்த்து சீல் பண்ணாவிட்டால் வில்லாக வளையும். கரையானை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கடை முகப்பிலும் பெயர்ப்பலகையிலும் ஒட்டுகிற ஏசிபி ஷீட் வாங்கு. இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்தது, 3 மி.மீ. கனம் போதும். ஈரம் குடிக்காது, கரையான் தொடாது. போர்டு எழுதுகிறவர்களிடம் வெட்டின மிச்சத் துண்டே கிடைக்கும். ஒன்று மட்டும் கேட்டு வாங்கு: மேல் பூச்சு பாலியெஸ்டராக இருக்கவேண்டும். கட்டிட வெளிச்சுவருக்கு வருகிற பிவிடிஎஃப் பூச்சில் எதுவும் லேசில் ஒட்டாது. அளவு 24×30 அங்குலம். ஐந்து தலைக்கு அதற்குக் குறைத்தால் முகம் நாலு அங்குலத்துக்குக் கீழே போய், கண் வெறும் புள்ளியாகிவிடும்.

தயார் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. பாதுகாப்புத் தாளை உரி. 320 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய், ஓரத்தை அரத்தால் மழுக்கு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடை. அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடாதே, விரல் எண்ணெய் பட்ட இடத்தில் ஜெஸ்ஸோ (பெயிண்ட் பிடிக்க முதலில் பூசுகிற வெள்ளைப் பூச்சு) உரிந்து வரும். அக்ரிலிக் ஜெஸ்ஸோவை ஸ்பாஞ்ச் ரோலரில் மெல்லிசாக மூன்று கோட் போடு. ஒரு கோட் குறுக்கே, அடுத்தது நெடுக்கே, நடுவில் லேசாகத் தேய்த்துக்கொள். மூன்று நாள் காயட்டும். பிறகு ஒரு ஓரத்தில் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, செல்லோடேப் ஒட்டி வெடுக்கென்று இழு. துணுக்கு வந்தால் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பி. சோம்பல்பட்டு அதன் மேலேயே வரைந்தால், முகம் முடிந்த பிறகு உரியும். தகடு வழுக்குகிறது, பிரஷ் பிடிக்கவில்லை என்று தோன்றினால் கடைசிக் கோட்டை ரோலரால் ஒற்றி ஒற்றிச் சொரசொரப்பாக்கு.

அப்பாவின் ஸ்டூடியோ படத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுகிறது. மற்ற நாலு பேரையும் அதே பக்கம் ஜன்னல் வரும்படி உட்காரவைத்துப் போட்டோ எடு, ஃப்ளாஷ் கூடாது. பத்தடி தள்ளி நின்று ஜூம் பண்ணு, கிட்டே போனால் மூக்கு பெருத்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தில் அப்பாவின் நிறம் கிடைக்காது, சித்தப்பாவை அதே ஜன்னலில் உட்காரவைத்து அவர் கன்னத்தைப் பார்த்துப் போடு.

முதல் பூச்சுக்கு டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பர் என்கிற அடர்பழுப்பு, அது சீக்கிரம் காயும். எண்ணெய் மேல் பூச்சில்தான் கூடவேண்டும். கீழே எண்ணெய் அதிகமானால் மேல்தோல் முதலில் காய்ந்து, அடி பின்னால் அசைந்து விரிசல் விடும். நம் நிறத்துக்குக் கறுப்பைக் கலக்காதே, சாம்பல் பூசினதுபோல் ஆகிவிடும். நிழலுக்கு பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரின் நீலமும், நடுநிறத்துக்கு பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் யெல்லோ ஆக்கர் என்கிற மண்மஞ்சளும். நெற்றி மினுமினுப்பில் துளி நீலம் ஓடும், அதை வெறும் வெள்ளையால் தொட்டால் மாவு அப்பினமாதிரி இருக்கும். அடிப்பூச்சில் ஜிங்க் வொய்ட் வேண்டாம், அது இறுகி நொறுங்கும். டைட்டானியம் வொய்ட் போதும். அம்மாவின் சேலை ஜரிகைக்குத் தங்க பெயிண்ட் வாங்கப் போகாதே. ஆக்கர், அம்பர், மேலே வெளிர்மஞ்சளில் ஒரே ஒரு கோடு, அவ்வளவுதான். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் போட்டு வை.

புரட்டாசிக்குள் முடித்தால் ஆறு மாசம் காய்ந்து பங்குனி வரும். வார்னிஷை அங்கேயே, வெயில் நாளில் அடித்துவிடு. இங்கே ஈரக்காற்றில் அடித்தால் வெண்மையாகப் பூத்துவிடும். அதன் பிறகு இரண்டு பிளைவுட்டுக்கு நடுவில் வைத்து, மூலைகளில் கட்டை கொடுத்து, பெயிண்டில் எதுவும் படாதபடி கட்டு. விமானச் சாமான் அளவு மூன்று பக்கமும் கூட்டி 158 செ.மீ., இது அதற்குள் அடங்கும். இருட்டில் கிடந்து லேசாக மஞ்சளித்தால் பயப்படாதே, ஜன்னலோரம் சில வாரம் வைத்தால் தெளியும். மாட்டும்போது சுவருக்கும் படத்துக்கும் நடுவில் அரை அங்குலம் காற்று போகும்படி நான் தக்கை ஒட்டிக்கொள்கிறேன்.

இன்னொன்று. அக்கா எடுத்து அனுப்பிய செல்ஃபியைப் பார்த்து அம்மாவை வரைந்துவிடாதே. அதில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி, அம்மாவின் மூக்குத்தி இடப்பக்கம் வந்திருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்