மார்ச் 31, செப்டம்பர் 30

அன்பு மக்கா,

உன் கடிதம் வந்தது. அம்மா நலம், முழங்கால் வலி மட்டும் விடவில்லை. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்து பலரும் கன்னிப்பூ நெல் நட்டுவிட்டார்கள். நம்ம வயல் கடைமடை அல்லவா, நான் இன்னும் மடையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நம்ம சானலைத் தூர்வாரப் போன வருஷம் பணம் ஒதுக்கியிருந்தார்கள். டெண்டர் இழுத்து இழுத்து, நிதியாண்டு முடியும் மார்ச் 31 வந்துவிட்டது. ஆபீசில் போய்க் கேட்டால், “பணம் சரண்டர் ஆயாச்சு” என்றார்கள்; செலவாகாமல் அரசுக்கே திரும்பிவிட்டதாம். நேற்று மண்வெட்டியோடு இறங்கிப் பார்த்தேன். பாலத்துக்கு அடியில் முழங்கால் வரை சேறு. மேலே ஆகாயத்தாமரை, கால் வைத்தால் கூட அசையவில்லை.

அமெரிக்காவில் ஒதுக்கிய பணம் செலவாகாமலே காலாவதியானதைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. அங்கே நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தை ஜனாதிபதி நிக்சன் முடக்கியதால் 1974-ல் சட்டமே போட்டார்கள். பணத்தை ரத்து செய்ய வேண்டுமென்றால் ஜனாதிபதி காங்கிரஸைக் கேட்க வேண்டும்; 45 நாளுக்குள் அது சம்மதிக்காவிட்டால் பணத்தை விடுவிக்க வேண்டும். 2025-ல் என்ன நடந்தது? வெளிநாட்டு உதவிப் பணம் சுமார் 490 கோடி டாலரை ரத்து செய்யக் கேட்டு ஜனாதிபதி டிரம்பிடமிருந்து காங்கிரஸுக்கு ஆகஸ்ட் கடைசியில் கடிதம் போகிறது. நிதியாண்டோ அந்த 45 நாள் ஆகுமுன்னே செப்டம்பர் 30-ல் முடிகிறது. உச்ச நீதிமன்றமும் அதுவரை பணத்தை நிறுத்தி வைக்க அனுமதித்துவிட்டது. காங்கிரஸ் வேண்டாம் என்று சொல்லாமலே பணம் காலாவதி!

இங்கே அப்படி ஒரு சட்டம்கூட இல்லையே, அதுதான் எனக்கு ஆற்றாமை. நம் அரசியலமைப்பின் 203-ஆம் பிரிவுப்படி அரசு துறைவாரியாகப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையைச் சட்டமன்றம் ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். ஒரு ரூபாய் கூட்ட முடியாது. சரி, அது போகட்டும். ஏற்றுக்கொண்ட பணத்தைச் செலவழித்தே தீர வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. கைதூக்கி நிறைவேற்றுவது இவ்வளவுக்கு மேல் போகாதே என்கிற வரம்பு மட்டும்தான். மிச்சம் ஏன் என்று தணிக்கை அறிக்கை கேட்கும், பொதுக் கணக்குக் குழு கேட்கும். அதற்குள் எத்தனை கும்பப்பூ சாகுபடி போயிருக்கும், சொல்லு.

வருகிற ஞாயிறு எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிறோம். புதுப் பணம் கேட்கப்போவதில்லை. ஒதுக்கியதில் எவ்வளவு சரண்டர் ஆனது, யார் கையெழுத்தில் ஆனது என்று சபையில் கேளுங்கள் என்று மனு எழுதி வைத்திருக்கிறேன். நகல் அனுப்புகிறேன், படித்துவிட்டு விட்டுப்போனதைச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்