வசு, அந்தப் படத்தப் பாத்துட்டேன்டி

அன்பு வசுவுக்கு,

எப்படி இருக்க, கால் வீக்கம் வத்திடுச்சா இல்லையா? மாத்திரைய நடுவுல நிறுத்திடாதடி, வார்டுல எத்தன பேருக்கு இதையே சொல்லியிருப்ப. எனக்கு ரெண்டாவது கண்ணுக்கும் புரை ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் ஓடிப்போச்சு, சொட்டு மருந்து எல்லாம் முடிஞ்சுது, இப்ப பேப்பர் கூட கண்ணாடி இல்லாம தெரியுது. பேத்திய ஸ்கூல்ல சேத்துட்டாங்க, வாசல் வரைக்கும் சிரிச்சுட்டே போவா, அங்க போனதும் என் புடவைய விடமாட்டா, அவள விட்டுட்டு வர்றதுக்குள்ள எனக்கும் அழுகை வந்துடுது.

உங்க அக்கா பொண்ணு விஷயமா நீ எழுதின லெட்டர நாலு தடவ படிச்சேன். அவ விரும்பி கூட வாழற அந்தப் பொண்ணப் பத்தி வீட்ல சொன்னதுலேர்ந்து அக்கா சாப்பிடவே மாட்டேங்கறாங்கன்னு எழுதியிருந்த, நான் என்னடி சொல்லட்டும்னு கேட்டிருந்த. உடனே பதில் எழுத வரல. அதான் முதல்ல ஒரு படத்தப் பத்தி எழுதறேன், பொறுமையா படி.

'எ கொஸ்டின் ஆஃப் லவ்'னு ஒரு அமெரிக்கப் படம், டிவிக்குன்னே எடுத்தது. ஏபிசி சேனல்ல 1978 நவம்பர் 26 ராத்திரி போட்டிருக்காங்க. மறுநாள் காலைல சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி ஹால்ல ஹார்வி மில்க்க சுட்டுக் கொன்னுட்டாங்க, தன்பாலீர்ப்பாளர்னு வெளிப்படையா சொல்லி எலக்ஷன்ல ஜெயிச்சவர் அவர். அந்த நாட்டுல அது எப்பேர்ப்பட்ட வாரம்னு நெனச்சுப் பாரு.

கதை இதுதான். லிண்டான்னு ஒரு நர்ஸ், ஆமா நம்மள மாதிரியே நர்ஸ், புருஷன விட்டுப் பிரிஞ்சு ரெண்டு பசங்களோட இருக்கா. அவ விரும்பறது பார்பரான்னு ஒருத்திய, அவளுக்கும் ஒரு பொண்ணு இருக்கு, ரெண்டு குடும்பமும் சேந்து ஒரே வீட்ல குடித்தனம் பண்றாங்க. விஷயம் தெரிஞ்சதும் சின்னப் பையன எங்கிட்ட குடுன்னு புருஷன் கேஸ் போடறான். லிண்டாவா ஜீனா ரோலண்ட்ஸ், பார்பராவா ஜேன் அலெக்சாண்டர். ஜீனா 2024ல 94 வயசுல இறந்துட்டாங்க, அந்த முகம் ஒண்ணும் பேசாம இருக்கறப்பவே நமக்கு தொண்டை அடைச்சுக்கும்டி.

படம் பூரா ஒரு முத்தம் கிடையாது. அமெரிக்க டிவில ரெண்டு பொண்ணுங்க முத்தம் குடுத்துக்கிட்டது பெரிய பேச்சானதே 1991லதான், அதுவும் 'எல்.ஏ. லா'ங்கற வக்கீல் சீரியல்ல. இந்தப் படத்துல அதுக்குப் பதிலா ஒருத்தி தலைமுடிய இன்னொருத்தி சரி பண்ணி விடற மாதிரி ஒரு சீன், அவ்வளவுதான். அதப் பாத்ததும் எனக்கு நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடி ஞாபகம் வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை நைட் டியூட்டி முடிஞ்சு எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு படிக்கட்டுல மேலயும் கீழயுமா உக்காந்துப்போம், நீ என் முடிய நுனிலேர்ந்து சிக்கெடுப்ப, வலிச்சா கத்துடின்னு சொல்லிக்கிட்டே மெதுவா எடுப்ப, நான் அப்படியே உன் முழங்கால்ல சாஞ்சு தூங்கிடுவேன். நம்மது சிநேகம், அவங்களது வேற, எனக்குத் தெரியும். ஆனா ஒருத்தி கை தலைல பட்டா உடம்பு அப்படியே அடங்குதே, அது அவங்களுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும், அந்த வீட்டையா கோர்ட்டுக்கு இழுத்தாங்கன்னு மனசு ஆறவே இல்ல.

இது நிஜக் கேஸ வெச்சு எடுத்தது, பேரெல்லாம் மாத்திட்டாங்க. டெக்சாஸ்ல டல்லாஸ் ஊரு, மேரி ஜோ ரிஷர்னு ஒரு அம்மா, 1975 டிசம்பர்ல விசாரணை. அங்க பிள்ளை யார்கிட்ட இருக்கணுங்கறத சாதாரண ஜனங்கள்லேர்ந்து எடுக்கற ஜூரி முடிவு பண்ணலாம், 12 பேர்ல 10 பேர் அப்பா பக்கம் சொல்லிட்டாங்க. கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி தீர்ப்பு, ஒன்பது வயசுப் பையன் கையவிட்டுப் போயாச்சு. பெத்த மூத்த பையன், பதினேழு வயசு, கூண்டுல ஏறி அம்மாவுக்கு எதிரா சாட்சி சொல்லியிருக்கான். அவன் மேல எனக்குக் கோபம் வரலடி, அந்த வயசுல ஊர் சிரிக்குதேன்னு பயந்திருப்பான், ஆனா அத அவ உக்காந்து கேட்டிருக்காளே. சின்னவன் ஒய்டபிள்யூசிஏன்னு பொண்ணுங்க சங்கத்துப் பேர் போட்ட டி-ஷர்ட் போட்டுட்டு இருந்தான்னு அதையே ஒரு குறையா பேசியிருக்காங்க. அவன் சாப்பிட்டானா தூங்கினானா, ஜுரம் வந்தா ராத்திரி யார் முழிச்சிருந்தாங்க, அதத்தானே முதல்ல பாத்திருக்கணும்? இத்தனைக்கும் 1973லயே தன்பாலீர்ப்பு நோய் இல்லன்னு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய் லிஸ்ட்லேர்ந்து எடுத்தாச்சு. டாக்டருங்க மாறிட்டாங்க, டெக்சாஸ் சட்டத்துல மட்டும் அது குத்தமாவே இருந்துச்சு, சுப்ரீம் கோர்ட் அத தூக்கினது 2003லதான்.

படத்துலயும் அவ தோத்துத்தான் போறா. ஜெயிக்கற மாதிரி மாத்தி எடுத்திருக்கலாம், எடுக்கல, அதுக்காகவே எழுதின வில்லியம் பிளின் மேலயும் டைரக்டர் ஜெர்ரி தோர்ப் மேலயும் எனக்கு மரியாதை. அடுத்த வருஷம் இதே ஜேன் அலெக்சாண்டர் நடிச்சு 'கிரேமர் வெர்சஸ் கிரேமர்' வந்துச்சு, அதுவும் பிள்ளைக்காக கோர்ட் ஏறற கதைதான், அதுக்கு 5 ஆஸ்கார், அது உலகத்துக்கே தெரியும், இத எத்தன பேர் பாத்திருப்பாங்க?

அதுக்கப்புறமும் உடனே ஒண்ணும் மாறிடல. 1993ல வர்ஜீனியால ஒரு பாட்டி தன் சொந்தப் பொண்ணு மேலயே கேஸ் போட்டு பேரன வாங்கிட்டா, காரணம் பொண்ணு இன்னொரு பொண்ணோட வாழறாங்கறதுதான். நடுவுல அப்பீல்ல அம்மா ஜெயிச்சா, 1995ல மாநில சுப்ரீம் கோர்ட் 4க்கு 3ன்னு திருப்பிப் போட்டுடுச்சு. அதையும் 1996ல டிவி படமா எடுத்தாங்க, பாட்டியா வனெசா ரெட்கிரேவ். அந்தப் பாட்டிய நெனச்சாதான் எனக்கு உங்க அக்கா ஞாபகம் வருது. பேரன் மேல பாசம் இல்லாமலா கேஸ் போட்டிருப்பா, பாசத்துலதான் போட்டா, அந்தப் பாசத்தாலயே பெத்த பொண்ண இழந்து நின்னா.

அக்காகிட்ட இதையெல்லாம் லெக்சர் மாதிரி சொல்லாத, இப்ப காதுல ஏறாது. பக்கத்துல உக்காந்து முதல்ல நாலு வாய் சாப்பிட வை. பொண்ணுக்கு மட்டும் நீ இன்னைக்கே போன் பண்ணு, சித்தி இருக்கேன்னு ஒரு வார்த்தை போதும், கூட இருக்கற பொண்ணு பேர் என்ன, என்ன வேலை பாக்கறா, அவளுக்கு என்ன பிடிக்கும்னு கேளு. மருமகப் பையன்னா கேப்போம்ல?

பொங்கலுக்கு ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வா. மாடி ரூம் காலியாத்தான் இருக்கு, கொசுவலைதான் கிழிஞ்சிருக்கு, அதுக்குள்ள மாத்தி வெச்சுடறேன். டிக்கெட் எடுத்ததும் எந்த டிரெய்ன்னு சொல்லு, ஸ்டேஷனுக்கு நானே வர்றேன்.

உன்
சாந்தி